கால் நொடிப் படங்கள்

“இது?”

“அழிச்சிரு.”

“இது?”

“கண்ணு நிக்கலை. போகட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியண்ணன் இட்லித் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு மேஜை முன் உட்காருவார். லேப்டாப் மகள் பூங்கோதையிடம் இருக்கும். யமுனைப் படித்துறையில் படகிலிருந்து அவர் எடுத்துவந்த கடற்காகப் படங்கள் நானூறு. அவற்றைப் பத்தாகக் குறைப்பது இருவருக்கும் வாராந்திர வேலை. அம்மா போன பிறகு டெல்லி முனிர்க்கா வீட்டில் அவர்கள் இருவர்தான்.

ஜனவரி மூன்றாம் ஞாயிறு ஒரு படத்தைத் தள்ளாமல் அவள் நிறுத்தினாள். தண்ணீரின் வெளிச்சப் புள்ளிகள் நேர்கோடாக ஓடாமல் மேலும் கீழும் நெளிந்திருந்தன.

“அழிச்சிரு, அம்மணி.”

“ஏம்ப்பா? சூப்பரா இருக்கு. புது ஸ்டைலா?”

அவர் வலது கையை மேஜைக்கு அடியில் இறக்கிக்கொண்டார். “அப்படியா சொல்ற? அப்ப இருக்கட்டும்.”

அப்படி ஏழு படங்களை அவள் வைத்துக்கொண்டாள்.

நாமக்கல்லிலிருந்து வந்து முப்பத்தாறு வருடம் மத்திய அரசுக் கோப்புகளோடு உட்கார்ந்திருந்தவர் பெரியண்ணன். ஓய்வு பெற்ற மறுவாரமே கேமரா வாங்கினார். எல்லோரும் ஷட்டரை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கே திறந்து இறகு இறகாக எடுக்க, அவர் கால் நொடி திறந்துவைத்து, பறவையோடு சேர்ந்து தானும் திரும்புவார். சிறகும் நதியும் கரைந்து ஓடும், கண் மட்டும் நிற்கும். கூடப் படமெடுக்க வரும் நண்பர் ஸ்ரீநிவாஸ், “சார், மூக்குக்கண்ணாடியைத் தொடச்சுட்டு எடுத்திருக்கலாமே” என்பார். “நிக்கற பறவை வேணும்னா மியூசியத்துக்குப் போய்யா. பறக்குதுன்னு தெரியோணுமில்ல?” என்பார் இவர்.

இடுப்பைத் திருப்பும் பயிற்சி பஸ் ஸ்டாப்பில் நடக்கும். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, வரும் பஸ்ஸின் முன்விளக்கைப் பார்வையால் பிடித்து, அது போகும்வரை மெல்லத் திரும்புவார். ஏற மாட்டார். ஏறுகிறாரா இல்லையா என்று கண்டக்டர் கத்தினால், “ஆப் சலோ பையா, மே பிராக்டிஸ்” என்று, போகச் சொல்லிக் கையசைப்பார். ஒருமுறை அப்படியே மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு, மலை மந்திர் முருகன் கோயில் கிருத்திகைக்குத் தீபாராதனை முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தார்.

அந்த ஞாயிற்றுக்கு அடுத்த செவ்வாய், வீட்டு மாடிப்படியில் விழுந்தார். தலையில் அடி. வெள்ளிக்கிழமை போய்விட்டார்.

காரியம் முடிந்து உறவினர்கள் ரயிலேறிய பிறகு பூங்கோதை அந்த ஏழு படங்களைத் திறந்தாள். நொய்டாவில் மோட்டார்களின் அதிர்வை அளப்பது அவள் வேலை. நாள் முழுக்க நெளிகோடு பார்க்கிறவள். படத்தைப் பெரிதாக்கி எண்ணினாள். கால் நொடியில் ஒன்றேகால் அலை. நொடிக்கு ஐந்து. ஏழிலும் ஐந்து. காற்றும் படகும் அப்படிக் கணக்குத் தவறாமல் ஆட்டாது. கைதான் ஆடியிருக்கிறது.

பழைய படங்களைத் தேதிவாரியாகப் பின்னோக்கிப் பார்த்தாள். டிசம்பரில் அலை இருந்தது, சின்னதாக. நவம்பர் பன்னிரண்டில் இருப்பதுபோலவும் இல்லாததுபோலவும். அதற்கு முன் கோடுகள் நேர். தொழிற்சாலையில் ஒரு மோட்டார் இப்படி வரைந்தால் அன்றே நிறுத்தச் சொல்லியிருப்பாள். அப்பாவிடம் ஸ்டைல் என்று சொன்னாள்.

அவருக்குத் தெரிந்திருந்ததா? தெரியாதென்றால், சொல்லியிருக்க வேண்டியவள் அவள். தெரிந்திருந்தால், ஏன் மறைத்தார்?

ஸ்ரீநிவாஸைக் கூப்பிட்டாள். “அங்கிள், அப்பா கை நடுங்கிச்சா?”

“டீ கிளாஸை ரெண்டு கையால பிடிச்சாரும்மா. குளிர்னு சொன்னார். டெல்லி ஜனவரி, நானும் நம்பிட்டேன்.”

குளிர். ஸ்டைல். ஆளுக்கொரு சமாதானம். அவள் இரண்டு நாள் அப்பாவின் கேமராப் பையைத் தொடவில்லை. மூன்றாம் நாள், பேட்டரியைக் கழற்றாவிட்டால் கேமரா கெட்டுவிடும் என்று திறந்தாள்.

பக்கவாட்டு ஜிப்பில் நாலாக மடித்த ஒரு தாள். மருத்துவமனைப் பதிவுச் சீட்டு, நரம்பியல் பிரிவு. அவர் விழுந்த செவ்வாய்க்கு அடுத்த திங்கள், காலை ஒன்பதரை. உடன் வருபவர் என்ற இடத்தில் அவள் பெயரும் போன் நம்பரும். அப்பாவின் கையெழுத்து, போகப் போகச் சிறுத்திருந்தது.

பின்பக்கத்தில் பென்சிலால் மூன்று வரி. ‘ஆதார் நகல்’ கோடு போட்டு அடித்திருந்தது. ‘பழைய பிபி சீட்டு’ அடித்திருந்தது. மூன்றாவது அடிக்கப்படவில்லை.

‘பூங்கோதையிடம் சொல்லி லீவு போடச் சொல்ல வேண்டும்.’