தெமேத்ரே ராசாவை நான் போகவிடவில்லை

கோயில் கூத்தைக் குழப்பியவள் என்று லண்டன் கிங்ஸ்பரியில் எனக்கு இன்றைக்கும் ஒரு பெயர் உண்டு. கலியாண வீடுகளில் கண்டால், 'ராசாவை மறிச்ச பெட்டை நீதானே?' என்று கேட்டுச் சிரிப்பார்கள். ஓம், நான்தான். திரும்ப மேடையேற்றினாலும் மறிப்பேன். அதில் எனக்கு ஒரு துளி வெட்கமும் கிடையாது.

2009ஆம் ஆண்டு எனக்குப் பத்து வயது. அப்பா ஜேர்மனியில் சில காலம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். பாண் சுடும் ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் வேலை. அங்கே அவரோடு ஒரே ஷிப்டில் நின்றவர் ஒரு ஜோர்ஜியாக்காரர். அவரும் ஜேர்மனியில் இருந்து வந்தவர்தான். இரண்டு பேருக்கும் ஆங்கிலம் மட்டுமட்டு. அதனால் லண்டனில் நின்றுகொண்டு உடைந்த ஜேர்மன் மொழியில் ஊர்க்கதை பேசினார்கள். அப்படித்தான் எழுநூறு வருடங்களுக்கு முந்திய தெமேத்ரே ராசா, மா அப்பிய அப்பாவின் சட்டையோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

கதை இதுதான். ஜோர்ஜியா அப்போது மங்கோலியரின் கையில் இருந்தது. தெமேத்ரே சின்ன வயதிலேயே முடிசூடி, மங்கோலியக் கானுக்குக் கப்பம் கட்டி, கானுடைய சண்டைகளுக்கெல்லாம் படையோடு போய், ஒருவாறு நாட்டை ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் கானின் மந்திரி ஒருவன் கானுக்கு எதிராகச் சதி செய்து பிடிபட்டான். அந்த மந்திரி தெமேத்ரேக்குச் சம்பந்தி முறை. உடனே கானுக்குச் சந்தேகம். 'வா, வந்தால் உன் சனத்தை விடுவேன், வராவிட்டால் உன் நாட்டை எரிப்பேன்' என்று ஆள் அனுப்பினான். தெமேத்ரேயின் மந்திரிமார், மலைக்குள் போய் ஒளியும்படி ராசாவிடம் கெஞ்சினார்கள். நான் ஒளித்தால் சனம் சாகும் என்று சொல்லிவிட்டு ராசா தானாகவே போனார். கான் அவருடைய தலையை வெட்டினான். நாடு தப்பியது.

இதை அப்பா தேத்தண்ணி ஊற்றியபடி எங்கள் வீட்டுக் குசினியில் வைத்துத்தான் மாமாவுக்குச் சொன்னார். மாமா அம்மாவின் மூத்த அண்ணா. கிழமை நாட்களில் கடைகளுக்குச் சாமான் இறக்கும் வான் சாரதி. சனி ஞாயிறுகளில் கூத்து எழுதி, பாடி, பழக்குகிற அண்ணாவியார். மன்னாரில் இருந்து வந்த கத்தோலிக்கரான எங்களுக்கு வெள்ளைக்கார ராசாக்கள் புதிதில்லை. எங்கெங்கோ ஆண்ட ராசாக்கள் எல்லாம் எங்கள் கூத்துகளில் தமிழில் பாடி, துள்ளி ஆடி, தலையைக் கொடுத்து மோட்சம் போயிருக்கிறார்கள். ஆனாலும் மாமா இந்தக் கதையைக் கேட்ட விதம் வேறு. தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொருக்கா முதலிலையிருந்து சொல்லும் மச்சான்," என்றார். இரண்டு கிழமையில் கூத்தை எழுதி முடித்தும் விட்டார்.

சில்லறைச் சிக்கல்கள் இருந்தன. ராசாவுக்கு மூன்று மனைவிமார் என்று அந்த ஜோர்ஜியாக்காரர் பெருமையாகச் சொல்லியிருந்தார். "கோயில் ஹோலிலை ஒண்டு காணும்," என்று மாமா இரண்டு பேரை வெட்டினார். ராசா கத்தோலிக்கர் இல்லையே என்று கோயில் கொமிட்டி முனகியது. "அவரும் சிலுவை போடுறவர்தானே?" என்று மாமா கேட்க அடங்கியது. ராசா வேடம் அப்பாவுக்கு. ராசாவின் மகனாக நடிக்க எந்தப் பையனும் வரவில்லை. ஒட்டிப்பிடிக்கிற பளபளப்புக் காற்சட்டையைக் கண்டதும் எல்லாரும் ஓடிவிட்டார்கள். ஆகவே எனக்கு மை மீசை வரைந்து இளவரசனாக்கினார்கள்.

இதெல்லாம் நடந்தது ஆனி, ஆடியில். அதற்கு முன்னைய மாதங்களில் எங்கள் வீடு வீடாக இருக்கவில்லை. அம்மாவின் கடைசித் தம்பி, என் சின்ன மாமா, வன்னியில் மோட்டார் சைக்கிள் திருத்துகிறவர். நான் அவரைப் படத்தில்தான் கண்டிருக்கிறேன். சித்திரை முழுக்க அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு பாராளுமன்றத்துக்கு முன்னால் போய், போரை நிறுத்தச் சொல்லிக் குரல் அடைக்கக் கத்தினார். வைகாசியில் சண்டை முடிந்தது. சின்ன மாமா சனத்தோடு சனமாக ஆமியின் பக்கம் போய்விட்டார், அங்கே அவரை வேறாக்கி ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள், கண்டவர்கள் இருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. அதோடு சரி. "விசாரிச்சுப்போட்டு விடுவினம்," என்று பெரியவர்கள் எல்லாரும் ஒரே வசனத்தைச் சொன்னார்கள். நானும் நம்பினேன். விசாரிக்க நாள் எடுக்கும்தானே.

எங்கள் வீட்டில் நடந்த ஒத்திகையில்தான் எனக்கும் மாமாவுக்கும் கொழுவல் தொடங்கியது. கானிடம் புறப்படும் ராசாவின் கையை முத்தமிட்டு, 'சென்று வாரும் எந்தையே' என்று நான் பாடி விலகி நிற்க வேண்டும். எனக்கு அது விளங்கவே இல்லை.

"ஏன் மாமா போறார்? மலை இருக்கெல்லோ?"

"ஒளிச்சா அவன் சனத்தை வெட்டுவான் பிள்ளை. இவர் போனா சனம் தப்பும்."

"போனா விடுவான் எண்டு ஆர் சொன்னது?"

"கான்தான் சொன்னவன்."

"அவன் சொன்னா நீங்கள் நம்புவீங்களோ?"

மாமா தாளம் போட்டுக்கொண்டிருந்த சல்லரியை நிறுத்தினார். பக்கத்தில் ராசாவின் முடிக்குத் தங்கத்தாள் ஒட்டிக்கொண்டிருந்த அம்மா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார். "உனக்கு வாய் கூடிப்போச்சு. பாட்டைப் படி," என்றார் மாமா. நான் விடுவேனா? ஒவ்வொரு ஒத்திகையிலும் அதே கேள்வியைக் கேட்டேன். மாமாவிடம் ஒவ்வொரு முறையும் அதே பதில்தான் இருந்தது. எதற்கும் பகிடி விட்டுச் சிரிக்கிற மனிதர், இந்த இடம் வந்தால் மட்டும் முகம் இறுகிப்போவார். தன் கூத்தைக் குறை சொல்வதால் வந்த கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

கோயில் திருநாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹோல் நிறைந்துவிட்டது. ஊரில் விடிய விடிய ஆடுகிற கூத்து, லண்டனில் மாலை அதே ஹோலில் நடக்கும் கராத்தே வகுப்புக்கு முன் முடிய வேண்டும். முன்வரிசையில் ஜோர்ஜியாக்காரர் கோட் சூட்டோடு மனைவியையும் கூட்டிவந்து உட்கார்ந்திருந்தார். அப்பா தங்கத்தாள் முடியோடு வந்து, ஜோர்ஜியாக்காரர் சொல்லிக்கொடுத்தபடி, எங்கள் முறைக்கு மாறாக வலது தோளில் இருந்து இடது தோளுக்குச் சிலுவை போட்டார். "உந்த மனிசனுக்குச் சிலுவை போடவும் மறந்துபோச்சோ?" என்று இரண்டாம் வரிசையில் ஒரு அன்ரி கேட்க, ஹோல் முழுக்கச் சிரிப்பு.

பிறகு கானின் தூதுவன் வந்தான். மந்திரிமார் கெஞ்சினார்கள். ராசா போகிறேன் என்று பாடினார். அப்பாவுக்குப் பெரிய குரல் ஒன்றுமில்லை. ஆனால் அன்றைக்கு அந்தப் பாட்டில் ஹோல் அப்படியே அடங்கிப்போனது. வாளைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, வெறுங்கையோடு என் பக்கம் திரும்பினார். என் முறை வந்தது. மேடை ஓரத்தில் நின்ற மாமா, "சென்று வாரும்," என்று முதல் அடியை எடுத்துக் கொடுத்தார்.

என்னால் ஏலவில்லை. அப்பாவின் இடுப்புக் கச்சையை இரண்டு கையாலும் பிடித்தேன்.

"போகாதேங்கோ! அவன் சொன்ன சொல்லைக் காப்பாத்தமாட்டான். போனா விடமாட்டான்!"

ஹோலில் முதலில் சிரித்தார்கள். மாமா திரும்பவும் அடியை எடுத்தார். "ஏலாது!" என்று கத்தினேன். "விடு குஞ்சு, எல்லாரும் பாக்கினம்," என்று அப்பா என் விரல்களைப் பிரிக்கப் பார்த்தார். அப்போது பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது: "பிள்ளை சொல்றது சரி. போகாதை ராசா!" பிறகு இன்னொரு குரல். பிறகு எத்தனையோ. பெண்கள் கதிரையை விட்டு எழும்பி மேடைக்கு முன்னால் வந்து நின்றார்கள். சில பேர் வாய்விட்டு அழுதார்கள். ஒரு அம்மா தூதுவனைப் பார்த்து, "உன்ரை கானிட்டைப் போய்ச் சொல்லு, அனுப்பேலாதெண்டு!" என்று கையை நீட்டினார். தூதுவன், பாவம், கிங்ஸ்பரியில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், அப்படியே பின்னால் நகர்ந்து திரைக்குள் மறைந்தார். மத்தளம் நின்றுவிட்டது. அப்பா என் விரல்களைப் பிரிப்பதை விட்டுவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டார்.

அன்றைக்குத் தலையும் வெட்டவில்லை, மங்களமும் பாடவில்லை. தெமேத்ரே ராசா லண்டனில் உயிர் தப்பினார். தமிழர் தங்கள் வழக்கப்படி கதையை இப்படித்தான் முடிப்பார்கள் என்று எண்ணிய ஜோர்ஜியாக்காரர், எழும்பி நின்று கண் கலங்கக் கை தட்டினார். கொமிட்டிக்காரர் தலையில் கை வைத்தார்கள்.

அப்பாவின் தங்கத்தாள் முடியைத் திரும்ப வைக்கப் போனபோது மாமா கதிரைகள் அடுக்கும் அறையில் தனியே இருந்தார். ஏச்சு விழும் என்று தெரியும். மறுமொழியும் தயாராக வைத்திருந்தேன். ஆனால் மாமா ஏசவில்லை.

"மேடையிலை என்ன சொன்னனீ? இன்னொருக்காச் சொல்லு."

இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, பயமில்லாமல், ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். மாமா நிலத்தைப் பார்த்தபடி கேட்டார். "ஓம் பிள்ளை," என்றார். மாமாவையே வாதத்தில் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அந்தப் பெருமையில் ஓடிப்போய் அம்மாவிடமும் சொன்னேன். அம்மா என் மீசையைச் சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தார். அன்று இரவும் சின்ன மாமாவை விசாரித்து முடித்துக் கெதியாய் விடவேண்டும் என்று செபித்துவிட்டுத்தான் படுத்தேன். எழுநூறு வருடத்துக்கு முந்திய கானை நம்பாத எனக்கு, இந்த ஆமிக்காரரை நம்ப ஒரு கஷ்டமும் இருக்கவில்லை.

சின்ன மாமா வரவில்லை. நான் வளர்ந்த பிறகுதான் அம்மா அந்தக் கடைசித் தொலைபேசி அழைப்பைப் பற்றிச் சொன்னார். வைகாசியில், யாரோ ஒருவரின் போனில், சின்ன மாமா தன் அண்ணனோடு, அதுதான் கூத்து எழுதிய மாமாவோடு, இரண்டு நிமிடம் பேசியிருக்கிறார். ஒருநாள் என்றாலும் புலிகள் இயக்கத்துக்கு வேலை செய்தவர்கள் தனியே வாருங்கள், விசாரித்துவிட்டு விடுவோம் என்று ஆமிக்காரர் ஒலிபெருக்கியில் சொல்கிறார்களாம். இவர் அவர்களின் மோட்டார் சைக்கிள்களைத் திருத்தியிருக்கிறார். போவதா, சனத்துக்குள் ஒளிப்பதா என்று கேட்டாராம்.

மாமா பிழை விட்டுவிட்டார் என்று யாராவது வாய் திறந்தால் நான் சும்மா இருக்கமாட்டேன். கான்கூடத் தலையை எடுத்துக்கொண்டு சனத்தை விட்டான். நம்பிப் போனவரிலும் பிழையில்லை, போகச் சொன்னவரிலும் பிழையில்லை. சொல்லைக் கொடுத்துவிட்டுக் காப்பாற்றாதவன்தான் பதில் சொல்ல வேண்டும்.

அன்றைக்குப் போனில் மாமா சொன்னது இவ்வளவுதான்: "ஒளிக்காதை தம்பி. நீ ஒளிச்சா பக்கத்திலை நிக்கிற சனத்துக்குத்தான் கரைச்சல். போ, விடுவாங்கள்."