புளியங்கொட்டைச் சம்பளம்

ஹெப்சிபா டீச்சருக்குப் பந்தல்குடி ஐந்தாம் வகுப்பை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். எண்பத்து நாலில் அங்கேதான் வகுப்பறையைக் கடைவீதியாக மாற்றினார். திங்கட்கிழமை பிள்ளைகளுக்குச் சம்பளம், ஆளுக்கு இருபது புளியங்கொட்டை. அதில் அரிசியும் சீமெண்ணெயும் வாங்கிக் குடும்பம் நடத்தி, வெள்ளிக்கிழமை மிச்சம் காட்ட வேண்டும். பலசரக்குக் கடைக்காரர் மகள் தங்கச்செல்விதான் வியாபாரி. அரிசி என்று மணலைப் படி ஐந்து கொட்டைக்கு அளந்து போடுவாள்.

மாசி பிறந்ததும் ஊரில் வீட்டுக்கு வீடு புளியில் கொட்டை எடுத்தார்கள். டீச்சருக்கு அது உறைக்கவே இல்லை. ஒரு காலையில் ராசபாண்டி டவுசர் பை பிதுங்கப் பிதுங்கக் கொட்டையோடு வந்தான். மறுநாள் வகுப்பே பணக்கார வகுப்பாகிவிட்டது.

"அரிசி படி நூறு கொட்ட," என்றாள் தங்கச்செல்வி, அலட்டிக்கொள்ளாமல்.

"ஏன்டா, கள்ளநோட்டா அடிச்சிட்டு வாரீக?" என்று பிரம்பை ஓங்கிய டீச்சர், ஓங்கிய கையோடு சிரித்துவிட்டார்.

தொண்ணூற்று ஐந்தில் அவர் ஓய்வுபெற்றார். பணம் கைக்கு வந்த வாரமே ராசபாண்டி பேண்டு சட்டையில் வந்து நின்றான். ஏதோ ஃபைனான்ஸ் கம்பெனிக்கு ஏஜெண்டாம்.

"ஒரு லட்சம் போடுங்க டீச்சர். மாசம் மூவாயிரம் வட்டி. உங்களுக்காகத்தான் ஓடியாந்தேன்."

டீச்சர் காபி டம்ளரை அவன் முன்னால் வைத்தார்.

"ஏன்டா, இந்தத் தடவ யாரு வீட்டுப் புளி?"

ராசபாண்டியின் கை, தன்னையறியாமல், பேண்டுப் பையைப் பொத்தியது.