முதுகில் ஒட்டாத மண்

மகள் வயிற்றுப் பேரன் பார்க்கிற டி.வி. குஸ்தியில், தலை வழுக்கையான ஒருவரைப் பாட்டுப் போட்டு, புகை விட்டு அழைத்து வருகிறார்கள். மூச்சு வாங்க நிற்கிற அவர் கையை ஓங்கினால் போதும், எதிரே நிற்கும் வாட்டசாட்டமான பையன் பொத்தென்று விழுகிறான். "எல்லாம் பேசி வெச்சதுங்க அம்மிச்சி" என்று பேரன் சிரிக்கிறான். எனக்கு வயிறு எரிகிறது.

என் அம்மாவின் தம்பி குஸ்தி பிடிக்கிறவர். குமாரபாளையத்தில் எங்கள் வீட்டோடு இருந்தார். விடிவதற்குள் காவிரி மணலில் தண்டால் எடுத்துவிட்டுத் தறிக்குப் போவார். சுற்றுவட்டாரத்தில் அவரைச் சாய்க்க ஆள் கிடையாது. ஆனாலும் பண்டிகைக்குக் கொட்டகை போட்டுக் குஸ்தி நடத்துகிறவர் ஒட்டும் நோட்டீசில் ஒரே படம்தான். கறுகறுவென்று மீசை வைத்த சேலத்துப் பயில்வான் படம். மாமன் பெயர் அடியில் எறும்பு மாதிரி இருக்கும்.

அந்த வருசம் மாமனுக்கும் பயில்வானுக்கும் ஜோடி போட்டார்கள். ஜெயித்தால் அடுத்த நோட்டீசில் தன் படம் வரும் என்று மாமன் நம்பினார். வீட்டுக் கோழி போட்ட முட்டையெல்லாம் அவருக்கே போயிற்று. எனக்கு ஓடுதான்.

குஸ்தி அன்று சாயங்காலம் மாமனுக்குத் தண்ணீர்ச் செம்பு எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போனேன். முழங்காலில் துணி சுற்றிய ஒரு கிழவர் பெஞ்சில் உட்கார்ந்து மீசைக்கு மை தடவிக்கொண்டிருந்தார். யாரிடமும் வாய் திறக்காத நான் ஆசை தாங்காமல் கேட்டுவிட்டேன்.

"பயில்வான் எப்ப வருவாருங்க அப்பாரு?"

"இந்தா, வந்துக்கிட்டே இருக்கறான் சாமி" என்றார் அவர், மை தடவுவதை நிறுத்தாமல்.

அதற்குள் குஸ்தி நடத்துகிறவர் மாமனை ஓலைத்தட்டியின் மறைவுக்கு இழுத்து வந்தார். பெஞ்சில் இருந்த கிழவரைக் கண்ணால் காட்டினார். "அவரு முதுகுல மண்ணு ஒட்டக்கூடாது, பாத்துக்க. சனம் அவரைப் பாக்கத்தான் வந்திருக்குது. உன்னைய எவனுக்குத் தெரியும்?"

"எப்பத்தானுங்க தெரியறது?" என்றார் மாமன்.

"உனக்கு வயசு கெடக்குது. அடுத்த வருசம் பாக்கலாம்."

குஸ்தியில் முதுகில் மண் ஒட்டினால் தோல்வி. அது எனக்குத் தெரியாது. பாவாடையில் மண் ஒட்டினால் அம்மா அடிப்பாள், அதுதான் எனக்குத் தெரிந்த சட்டம். வயசானவர் மேல் அழுக்குப் படக்கூடாது என்கிறாராக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

தட்டி இடுக்கு வழியாகப் பார்த்தேன். பயில்வான் என்று மண்ணில் இறங்கியவர் அந்த மை மீசைக் கிழவரேதான். மாமன் பயில்வானைத் தோளுக்கு மேல் தூக்கிவிட்டார். மாமன் நடத்துகிறவர் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு கைக்குழந்தையை இறக்குவது போல அவரை இறக்கி நிற்க வைத்துவிட்டு, கால் தடுக்கியவர் போலத் தானே மல்லாந்து விழுந்தார். பயில்வான் மேலே சாய்ந்தார். விசில் பறந்தது. பயில்வான் எழுந்திருக்கக் கை கொடுத்தவரும் மாமன்தான்.

அடுத்த வருசமும் அதே கறுப்பு மீசைதான் சுவரில் ஏறியது. அதற்கடுத்த வருசமும் அதேதான். இளவட்டத்தின் உடம்பு எத்தனை காலம் காத்துக்கிடக்கும் என்று குஸ்தி நடத்துகிற அந்த மனுசன் ஒரு நாளாவது யோசித்திருப்பாரா? மாமன் முதுகு தறிக்குழியிலேயே வளைந்து போனது. நடத்துகிறவரை நாலு கேள்வி கேட்க இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. கேட்க அவரும் இல்லை, எனக்கு அந்த வாயும் இல்லை.

அன்றைக்கோ எனக்கு ஒரே சந்தோசம். சொன்ன வேலையை மாமன் பிசகாமல் செய்துவிட்டார் அல்லவா? அவர் கையைப் பிடித்து வீட்டுக்கு நடந்துகொண்டே, "அவரு முதுகுல துளி மண்ணு ஒட்டல மாமா" என்றேன்.

மாமன் கையை உதறிக்கொண்டார். கை வலிக்கிறதாக்கும் என்று நினைத்து, அந்தப் பக்கம் ஓடிப்போய் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டேன்.