டிரங்கால் போர்டுல ஒரு தலை தீபாவளி

டிரங்கால் போர்டுல உக்காந்தவனுக்கு பண்டிகைங்கிறது காதுக்கு வர்ற சமாச்சாரம், வாய்க்கு வராது.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சு, சென்ட்ரல் கவர்மென்ட் உத்தியோகம், அக்டோபர் மாசம்னதும் நீங்க என்ன எதிர்பாக்கறீங்கன்னு தெரியும். லீவு மேல லீவா வாங்கிக்கினு இவன் ஊர் சுத்தின கதை. இல்லன்னா, அடுத்தவங்க பேசறதை ஒட்டுக்கேட்ட கதை. ரெண்டாவது கொஞ்சம் உண்டு. முதலாவது கிடையாது. லீவு நாள்ல டூட்டி பாத்த நர்சம்மா, கண்டக்டர், போலீஸ்காரர் யாராவது இதைப் படிச்சா, வாங்க, நீங்க நம்ம கட்சி.

எண்பதுகள் நடுவுல நான் திண்டிவனத்துல ஆபரேட்டர், வெளியூர் காலுக்கு பிளக் சொருகி லைன் குடுக்கற வேலை. கல்யாணம் ஆகி மூணு மாசம், மாமனார் வீடு விழுப்புரம். அந்த அக்டோபர்ல காந்தி ஜெயந்தி, ஆயுதபூஜை, மொகரம், தீபாவளி எல்லாம் க்யூ கட்டி நிக்குது. தலை தீபாவளிக்கு லீவு கேட்டேன். எங்க சூப்பர்வைசர் மூக்கால பேசுவாரு. அவரு குரல்ல நான் பேசினா அவரு சம்சாரமே "என்னங்க"ன்னுடும். "மத்த பண்டிகைக்கெல்லாம் நீ உக்காரு, தீபாவளிக்கு வுட்டுடறேன்"னாரு. மாப்பிள்ளை இல்லாம யார் தலையில எண்ணெய் வைப்பாங்க? சரின்னுட்டேன். செவுத்துல ஒட்டியிருந்த டில்லி லீவு சர்க்குலரைப் பாத்து தேதியைப் போட்டு, அங்கயே நின்னு லீவு லெட்டரும் எழுதிக் குடுத்துட்டேன்.

காந்தி பொறந்த ஊர்

காந்தி ஜெயந்தி காலையில ஒரு கால். குரல்ல அப்படி ஒரு மரியாதை, ஹெட்மாஸ்டரா இருக்கும்னு நினைச்சேன். "தம்பி, பாண்டிக்கு ஒரு லைன் போடுங்க. கடை திறந்திருக்கான்னு விசாரிக்கணும்." எந்தக் கடைன்னேன். இருமினாரு. புரிஞ்சிடுச்சி.

"சார், இன்னிக்கு காந்தி ஜெயந்தி. பாண்டியிலயும் மூடியிருப்பாங்க"ன்னேன். நிஜமாவே சந்தேகம் வந்தவரு மாதிரி கேட்டாரு: "பாண்டி பிரெஞ்சுக்காரன் ஊராச்சேப்பா, அங்க எப்படி காந்தி பொறந்தாரு?"

பொட்டு வெச்ச போர்டு

ஆயுதபூஜைக்கு சூப்பர்வைசர் குளிச்சிட்டு வந்து போர்டுக்கு சந்தனம் வெச்சாரு. வெச்சவரு மரச்சட்டத்துல வெக்கக்கூடாதா? பக்தி முத்திப்போய், பிளக் சொருகுற ஓட்டையிலயே அப்பிட்டாரு. அது மெட்ராஸ் லைன். அதுக்கப்புறம் மெட்ராஸ்ல யாரு பேசினாலும் அப்பளம் நொறுக்கற சத்தம்தான் வருது.

மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, மண்டிக்காரர் ஒருத்தர் அவசர கால் போட்டுட்டு மூணு தரம் கத்திப் பாத்தாரு. நாலாவது தரம் என்னைக் கூப்பிட்டாரு: "போர்டுக்கு பூஜை போட்டீங்க, சந்தோஷம். லைனுக்கு எதுக்குய்யா கருமாதி பண்ணீங்க?"

கல்கத்தா லீவு

மறுநாள் அதே மண்டிக்காரருக்கு கல்கத்தா வேணும். சந்தனம் சுரண்டின லைன்ல மெட்ராஸ் ஆபரேட்டர், "அங்க பூஜை, கடையெல்லாம் நாலு நாளா மூடிக்கெடக்குது"ன்னாங்க. அதை நான் சொன்னா நம்பல. "நீ சோம்பேறித்தனத்துல சொல்ற"ன்னு திட்டறாரு. நான் என்ன பண்ணேன், ஒரு பிளக்கை எடுத்துச் சொருகற மாதிரி டொக்குன்னு சத்தம் குடுத்து, வாயில ரசகுல்லாவை அடக்கிக்கினவன் மாதிரி "ஹொலோ, கோல்கொத்தா, பூஜோ, பூஜோ, பந்த்"ன்னேன்.

மனுஷன் உடனே அடங்கிட்டாரு. "சரிங்க, சரிங்க"ன்னு வங்காளிக்கு மரியாதையா தமிழ்ல பதில் சொல்லிட்டு, எங்கிட்ட மெதுவா கேட்டாரு: "நாம ஒரே நாள்ல முடிச்சிட்டோம், அவனுங்களுக்கு மட்டும் என்னப்பா அவ்ளோ ஆயுதம்?"

பாஷாவோட ஒப்பந்தம்

மொகரத்துக்கு பாஷா டூட்டியை நான் பாத்தேன். என்கூட போர்டுல உக்கார்ற கோட்டக்குப்பத்துக்காரன். உன் நாளுக்கு நான், என் நாளுக்கு நீ. இதுதான் எங்க ஆபீஸ்ல எழுதாத சட்டம். மறுநாள் வந்தவன் டூட்டி சார்ட்டுல என் லீவு நாளுக்கு அவன் பேரை எழுதி, கீழ கோடும் போட்டான். "மாப்ள, நீ போய் ஜல்தியா எண்ணெய் தேச்சிக்க. எனக்கு அதிரசம் மட்டும் டப்பாவுல வந்துடணும்."

பூக்கார அம்மா

தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம். என் காலு தரையில இல்ல. மாமனார் எடுத்துக் குடுத்த சூட்கேஸ் நாற்காலிக்கு அடியில ரெடி. பாஷா மதியமே பஸ் ஏறிட்டான், அவன் வீட்ல போன் கிடையாது. சூப்பர்வைசரும் ஊருக்குப் போயாச்சு. விழுப்புரத்துல பக்கத்து வீட்டு போனுக்கு மாமியார் வந்து, "மாப்ள, வெடிகாலையில நாலு மணிக்கு எண்ணெய் காச்சிடுவேன், வந்துடுவீங்கல்ல"ன்னாங்க. "மூணு மணிக்கே எழுப்புங்க அத்தை"ன்னேன். பின்னால பொண்டாட்டி சிரிக்கிறது கேட்டுது.

கவுண்டர் பெஞ்சுல ஒரு பூக்கார அம்மா, டில்லியில பட்டாளத்துல இருக்கற புள்ளைகிட்ட பேச காத்துக்கினு இருந்தாங்க. லைன் கிடைக்கிற வரைக்கும் பொழுது போகணுமே. செவுத்துல இருந்த டூட்டி சார்ட்டை எழுத்துக் கூட்டிப் படிச்சாங்க. என்னைப் பாத்தாங்க. திரும்பவும் சார்ட்டைப் பாத்தாங்க.

"ஏன் தம்பி, நாளைக்கு உன் பேருதானே போட்டிருக்குது? பாய் பேரு நாளன்னிக்கு இருக்குது. என் புள்ளைக்கும் அங்க நாளன்னிக்குதான் தீபாவளியாம். நீயும் டில்லியா?"

டில்லி சர்க்குலர் தேதியை நம்பி, தமிழ்நாட்டுலயே டில்லிக்காரனோட சேந்து தலை தீபாவளி கொண்டாடின ஒரே மாப்பிள்ளை நான்தாங்க.