ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனிடம் வந்தவர்கள்

இந்த நினைவு மலரில் எழுத எனக்குத் தகுதி கிடையாது. பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் பேச வேண்டியிருந்தால் அடுப்படிக்குள் போய்விடுவேன். அண்ணனைப் பற்றி அவர் மகள் செல்விதான் எழுதுவதாக இருந்தது. கேட்டபோது, "நான் எழுதுனதெல்லாம் போதும் அத்தை, நீங்க எழுதுங்க" என்று சொல்லிவிட்டாள். அதற்கு மேல் அவளை வற்புறுத்த எங்கள் யாருக்கும் மனம் வரவில்லை. நான் எழுதுவதில் குறை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் எழுமலைப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். மழை பெய்தால் சோளமும் பருத்தியும் போடுவோம். பெய்யாத வருடம் எங்கள் ஐயா கூலிக்குப் போவார். பட்டப்படிப்பு முடித்ததும் அண்ணன் மதுரைக்கு வந்து, சிம்மக்கல்லில் ஒரு மொத்தப் பருப்புக் கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தார். பகலெல்லாம் கடை, விடியற்காலையில் படிப்பு. அரசுத் தேர்வில் பல தடவை தவறி, ஒருவழியாக இளநிலை உதவியாளர் வேலை கிடைத்தபோது அவருக்குத் தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது. அதற்குப் பிறகுதான் கல்யாணம். "எங்க கல்யாண போட்டோவப் பாத்தா இவரு என் மாமனாரு மாதிரி இருப்பாரு" என்று மதினி சொல்லிச் சிரிப்பார்.

வேலையில் சேர்ந்த பிறகு அரசுத் தேர்வுக்கு யோசனை கேட்டு அண்ணனைத் தேடிப் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். முதலில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வந்தார்கள். பிறகு சோழவந்தான், உசிலம்பட்டி என்று எங்கெங்கிருந்தோ வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் செல்லூர் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போடுவோம். வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்து, முறை வரும்போது அண்ணன் முன்னால் இருக்கும் நாற்காலிக்கு மாறுவார்கள். நான் அடுத்த தெருவில் இருப்பதால் டீ போடப் போவேன். அப்படிக் காதில் விழுந்ததுதான் எனக்குத் தெரிந்ததெல்லாம்.

அண்ணன் யாருக்கும் இனிப்பாகப் பேசமாட்டார். தேர்வு விளம்பரத்தைக் கடைசிப் பக்கம் வரை படிக்கச் சொல்வார். சாதிச் சான்றிதழையும் தமிழ் வழியில் படித்த சான்றிதழையும் முன்னாலேயே வாங்கி வைக்கச் சொல்வார். பள்ளிக்கூடப் புத்தகத்தை முடிக்காமல் வேறு புத்தகத்தைத் தொட விடமாட்டார். ஒரு பையன், "அண்ணே, மதுரையில இருக்குற கோச்சிங் எல்லாத்துக்கும் போயிட்டேண்ணே" என்றான். "சரிப்பா. படிக்க எப்ப போன?" என்று அண்ணன் கேட்டார். வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள், அந்தப் பையனும் சிரித்தான். இன்னொரு நாள் ஒரு தகப்பனார், "ஐயா, மெட்ராஸ்ல ஆளு இருக்கு, முடிச்சுத் தாரேன்னு ஒருத்தரு சொல்றாரு" என்றார். "அவரு மகன் என்ன வேலை பாக்குறான்னு விசாரிச்சீங்களா?" என்றார் அண்ணன். "சும்மாதான் இருக்காப்ல." "அப்பறம் என்ன, டீயக் குடிச்சிட்டு ஊருக்குப் போங்க."

எல்லாரிடமும் தவறாமல் சொல்வது ஒன்று உண்டு. மூன்று வருடம் படித்துப் பார், கிடைக்கவில்லையா, கிடைத்த வேலையில் சேர்ந்துவிடு, அப்புறம் எழுதுவது உன் இஷ்டம் என்பார். "பரீட்சை வருசா வருசம் வரும்ப்பா. வயசு வராது." இதைக் கேட்டு அழுத பிள்ளைகளும் உண்டு. கோபித்துக்கொண்டு டீயைக் குடிக்காமல் போனவர்களும் உண்டு.

ஆனால் வீட்டுக்குள் பின்னறையில் செல்வி பத்து வருடமாகப் படித்துக்கொண்டிருந்தாள். கணக்கில் பட்டம் வாங்கியவள். ஒவ்வொரு தடவையும் ஒரு கேள்வி, இரண்டு கேள்வியில் போய்விடும். வந்த வரன்களுக்கெல்லாம் "வேலை வரட்டும்" என்று சொல்லி அனுப்பினோம். அப்புறம் வரன்களும் வரவில்லை. எங்கள் இட ஒதுக்கீட்டுப் பிரிவில் பட்டம் இருந்தால் பல வேலைகளுக்கு வயது வரம்பு இல்லை. அப்படி ஒரு வரம்பு இருந்திருந்தால் அரசாங்கமாவது அவளை நிறுத்தியிருக்கும். அண்ணன் அவளிடம் மட்டும் அந்த மூன்று வருடப் பேச்சை எடுத்ததே இல்லை. தனக்கும் கடைசியில்தானே கிடைத்தது என்று நினைத்தாரோ என்னவோ.

அண்ணன் ஓய்வு பெற்ற சில வருடங்களில் சிறுநீரகம் பழுதாகி, வாரம் இரண்டு முறை இரத்தம் சுத்திகரிக்கப் போக வேண்டியிருந்தது. அப்போதும் ஞாயிற்றுக்கிழமையை விடவில்லை. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வி கொல்லை வழியாக வெளியே போய், பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்து வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். முன்னால் இருந்தவர்கள் எழுந்து போனதும் அண்ணன் எதிரில் வந்து அமர்ந்தாள்.

"என்னம்மா, டீயா?" என்றார் அண்ணன்.

"இல்லப்பா. என் முறை வந்துருச்சு."

அண்ணன் அவளையே பார்த்தார். பிறகு வெளியாட்களிடம் கேட்பது போலவே, "என்ன படிச்சிருக்கீங்க?" என்றார்.

"பி.எஸ்சி. கணக்கு."

"எத்தன வருசமா எழுதுறீங்க?"

"பத்து."

"இப்ப வேல எதுவும் பாக்குறீங்களா?"

"இல்ல."

மதினி கதவருகே வந்து, "அப்பனும் மகளும் இம்புட்டு வயசுக்கு மேல என்ன வெளாட்டு இது?" என்றார். இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"மத்தவுகளுக்குச் சொல்றத எனக்கும் சொல்லுங்கப்பா" என்றாள் செல்வி.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். "இன்னைக்கு முடியலம்மா, உள்ள போ" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு எந்த ஞாயிற்றுக்கிழமையும் நாற்காலி போடச் சொல்லவில்லை.

கடைசியாக ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, பார்க்க நானும் செல்வியும் உள்ளே போனோம். அண்ணனால் சரியாகப் பேச முடியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "போதும் செல்வி. நிறுத்திரும்மா. நாந்தான் முன்னாலயே சொல்லிருக்கணும்" என்றார்.

"இந்த ஒண்ணு மட்டும் எழுதிக்கிறேன்ப்பா. ஹால் டிக்கெட் வந்துருச்சு, இந்த ஞாயித்துக்கெழம" என்றாள் அவள்.

அண்ணன் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கையை மட்டும் விடவில்லை. நர்ஸம்மா வந்துதான் எங்களை வெளியே அனுப்பினார். சனிக்கிழமை விடியும்போது அண்ணன் காலமானார். அன்று மாலையே தகனம் முடிந்தது.

எங்கள் துயரத்தில் துணை நின்ற அனைவருக்கும் குடும்பத்தார் சார்பில் நன்றி சொல்கிறேன். சுத்திகரிப்புப் பிரிவில் அண்ணனைத் தன் வீட்டு மனிதர் போல் பார்த்துக்கொண்ட நர்ஸம்மாவுக்கும், கூப்பிட்ட நேரமெல்லாம் வந்த ஆட்டோக்காரத் தம்பிக்கும், பந்தல் போட்டு, சாப்பாடு கொண்டுவந்து கொடுத்த தெருக்காரர்களுக்கும் நன்றி. எங்கிருந்தோ சேதி கேட்டு வந்து, யாரென்று கூடச் சொல்லாமல் பாடையைத் தூக்கிய அந்தப் பிள்ளைகளுக்கும் நன்றி. அவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று எங்களுக்குத் தெரியாது.

செல்வியின் தாய்மாமா, துக்க வீடென்று பார்க்காமல் மறுநாள் தேர்வுக்கு அவளைத் தானே வண்டியில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். அவரது அக்கறைக்கும் நன்றி. "உங்கப்பன் இருந்தா போன்னுதான் சொல்லிருப்பாரு, கெளம்பி இரு" என்றார். ஹால் டிக்கெட்டும் பேனாவும் மேசை மேல் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஆண்கள் சாம்பல் எடுக்கப் போனார்கள். எட்டரை மணிக்குள் தேர்வுக் கூடத்தில் இருக்க வேண்டும். மாமா வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். செல்வி தூங்கிக்கொண்டிருந்தாள். பத்து மணி வரை தூங்கினாள். நாங்கள் எழுப்பவில்லை.