பாதிப் பாட்டில் வைத்த சரம்

குழல்விளக்கு வெளிச்சத்தில் கைதட்டும்போது மினுங்குகிற கைகளை வெளியூர்க்காரர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். பட்டாசு ஆலையில் மத்தாப்புக்கும் தரைச்சக்கரத்துக்கும் மருந்து அடைப்பவர்களின் கைகளில் அலுமினியப் பொடி ஏறிவிடும். எவ்வளவு சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணிலும் ரேகையிலும் கொஞ்சம் மிச்சம் நிற்கும். கோயில் பொங்கலுக்குப் பாட்டுக் கச்சேரி நடக்கும்போது, மேடையில் ஒரு பாட்டு முடிந்ததும் கூட்டத்தின் வலப்பக்கம் முழுவதும் மீன் துள்ளுவதுபோல் வெள்ளி மினுங்கும். இடப்பக்கம் மினுங்காது. அங்கே அச்சகத்துக்காரர்களும் கடைக்காரர்களும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் உட்கார்ந்திருப்போம். எங்கள் கைகளில் இருந்தது அச்சு மை.

சிவகாசியில் நான் பள்ளியில் படித்த காலத்தில் "முத்துச்சிப்பி இன்னிசைக் குழு" என்று ஒன்று இருந்தது. யாரும் முழுப்பெயர் சொல்வதில்லை, "சிப்பி செட்டு" என்பார்கள். நான் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய செட்டு அது. பாடகர்களும் வாத்தியக்காரர்களும் மாறி மாறி இன்றுவரை ஏதோ ஒரு வடிவில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் அதன் ரசிகர்களுக்குள் ஒரு சண்டையும் அன்றிலிருந்து ஓய்ந்தபாடில்லை. சிப்பி செட்டின் சிறந்த காலம் எது?

எங்கள் பருவத்தில் இரண்டு காலங்கள் இருந்தன. முதலாவது ராஜமாணிக்கம் காலம். அவர் கமிஷன் கடைக் குடும்பத்துப் பிள்ளை, வெள்ளைக் கால்சட்டையும் கோட்டும் போட்டுக்கொண்டு, அக்கார்டியன் பின்னால் இழைய, கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பாடுவார். குடும்ப வியாபாரத்தைக் கவனிக்க அவர் தூத்துக்குடிக்குப் போய்விட்ட பிறகு வந்தது மாரிச்சாமி காலம். மாரிச்சாமி பக்கத்து நாரணாபுரத்துக்காரர், பட்டாசு ஆலைத் தொழிலாளி. செட்டுக்கு மின்சாரக் கிதார் வந்ததும் அவர் வந்ததும் ஒரே சமயம். அவர் சாதாரணச் சட்டை வேட்டியோடு மேடையேறி, கண்ணை மூடிக்கொண்டு, பெரும்பாலும் மெதுவான சோகப் பாட்டுகளையே பாடுவார்.

நான் ராஜமாணிக்கம் கட்சி. காரணம் இசை என்று அன்று சொல்லிக்கொண்டேன். எங்கள் அப்பா அச்சகம் வைத்திருந்தார். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிப்பதுதான் தொழில், இடையில் கச்சேரி நோட்டீஸும் அடிப்போம். நோட்டீஸ் விஷயமாக ராஜமாணிக்கம் ஒருநாள் அச்சகத்துக்கு வந்தபோது என் தோளைத் தட்டி, "தம்பி என்ன படிக்கீக?" என்று மரியாதையாகக் கேட்டார். என் கட்சி அத்தோடு முடிவாகிவிட்டது. அச்சகங்களும் கடைகளும் அவர் பக்கம், ஆலைகள் மாரிச்சாமி பக்கம் என்று ஊரே பிரிந்திருந்தது. அவர்களை நாங்கள் "வெள்ளிக்கை" என்போம், எங்களை அவர்கள் "மைக்கை" என்பார்கள்.

எதிர்க்கட்சியில் என் வகுப்புத் தோழன் கருப்பசாமி இருந்தான். மாரிச்சாமியின் உடன்பிறந்த தம்பி அவன். எங்கள் பள்ளிக்கு எதிரே கனகு அண்ணனின் வாடகை சைக்கிள் கடை இருந்தது. சாயங்காலம் பள்ளி விட்டதும் வழக்கு அங்கேதான் நடக்கும். கனகு அண்ணன் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டே, "காத்தடிக்க வந்தவுக முன்னால வாங்க, கச்சேரிக்கு வந்தவுக ஓரமா நில்லுங்க" என்பார். ஆனால் காதை இங்கேதான் வைத்திருப்பார்.

"உங்காளு ஏன்லே கண்ணை மூடிக்கிடுதாரு, வரி மறந்துபோச்சா?" என்று நான் தொடங்குவேன்.

"உங்காளுக்குக் கச்சேரிக் காசுல பாதி இஸ்திரிக் கடைக்கே போயிருமாமுல்ல" என்பான் கருப்பசாமி.

இப்படி விளையாட்டாகவே ஓடிக்கொண்டிருந்தது.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். அன்றைக்குக் கச்சேரியில் கைதட்டு சாதாரண மரியாதைதான். பாட்டு நிஜமாகவே பிடித்துவிட்டால், அது முடிந்தவுடன் கூட்டத்துக்குப் பின்னால் ஒரு சரவெடியைக் கொளுத்துவார்கள். சரம் எவ்வளவு நீளமோ அவ்வளவு புகழ். ஆனால் பாட்டு முடிந்த பிறகுதான் வைக்கவேண்டும். பாட்டு நடக்கும்போது பாதியில் சரம் வைத்தால் அதற்கு ஒரே பொருள்தான்: இறங்கிப் போ. யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. அப்படிச் செய்யக் கூடாது என்பது மட்டும் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

மாரிச்சாமி ஒவ்வொரு மேடையிலும் முதலிலேயே, "என் பாட்டுக்கு வெடி வேணாங்க, கைதட்டுனாப் போதும்" என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குவார். அதை நாங்கள் கர்வம் என்று சொல்லிக் கேலி செய்தோம். சரம் வாங்கிக் கொளுத்த ஆளில்லாதவன் வேண்டாமென்று சொல்லிக்கொள்கிறான் என்றோம். ஒருநாள் சைக்கிளில் என்னைப் பின்னால் வைத்து மிதித்துக்கொண்டு வரும்போது கருப்பசாமி உண்மையைச் சொன்னான். சில வருடங்களுக்கு முன் மாரிச்சாமி வேலை செய்த இடத்துக்குப் பக்கத்து அறை வெடித்துவிட்டது. உள்ளே இருந்தவர்களை வெளியே கொண்டுவந்தவர்களில் அவரும் ஒருவர். அதன் பிறகு மருந்து வேலையை விட்டுவிட்டு அதே ஆலையில் அட்டைப்பெட்டி ஒட்டும் பக்கம் மாறிக்கொண்டார். தீபாவளிக்கு, வெடி அதிகம் போடாத காரியாபட்டிப் பக்கம் அத்தை வீட்டுக்குப் போய்விடுவார்.

"வெடிக்கப் போகுதுன்னு தெரிஞ்சா பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துருவான்லே. திடுதிப்புனு பக்கத்துல வெடிச்சா உடம்பு கட்டிப் போட்ட மாதிரி ஆயிருது. நாக்குக் கூட அசையாது. ஒங்கிட்டதான் சொல்லுதேன், யாருகிட்டயும் சொல்லிறாதே."

நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வாக்கை மட்டும் காப்பாற்றினேன்.

பங்குனிப் பொங்கலுக்கு முந்தைய வாரம் சைக்கிள் கடையில் வாதம் சூடாகிவிட்டது. ராஜமாணிக்கம் பொங்கலுக்கு ஊருக்கு வருகிறார், நாரணாபுரம் கோயில் கச்சேரியில் முன்வரிசையில் உட்காரப் போகிறார் என்ற செய்தி வந்திருந்தது. அவர் மேடையேறினால் மாரிச்சாமி எங்கே போய் நிற்பார் என்று நான் எகிறினேன். கருப்பசாமி அமைதியாகச் சொன்னான்:

"ராஜமாணிக்கம் அண்ணாச்சி பாடுனா எல்லாரும் அவரைப் பாக்காக. எங்கண்ணன் பாடுனா எல்லாரும் கண்ணை மூடிக்கிடுதாக. அம்புட்டுதாம்லே வித்தியாசம்."

எங்கள் கட்சிப் பையன்களே தலையாட்டிவிட்டார்கள். கனகு அண்ணன் பம்பை நிறுத்திவிட்டு, "கேஸ் முடிஞ்சிருச்சுப்பா" என்றார். நான் விடாமல் ஏதோ பேசவும் கருப்பசாமி, "ஏலே சங்கரா, நீ என்னைக்காவது எங்கண்ணன் பாட்டை முழுசாக் கேட்டிருக்கியா? பாதியிலயே வாயத் தொறந்துருவியே" என்றான். கடையே சிரித்தது. அவனும் சிரித்தான், அதில் விஷமில்லை என்று இப்போது தெரிகிறது.

அச்சகத்தில் லேபிள் அளவு பார்ப்பதற்காக ஆலைக்காரர்கள் ஒவ்வொரு சரக்கிலும் மாதிரி ஒன்று கொடுத்துவிட்டுப் போவார்கள். அப்படி வந்த ஒரு சரம் அலமாரியில் இருந்தது. கச்சேரி நாளன்று அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனேன்.

மாரிச்சாமி வழக்கம்போல் வெடி வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு பாட ஆரம்பித்தார். முதல் சரணம் முடிந்தது. இரண்டாம் சரணமும் முடிந்து, அடுத்ததற்கு முன்னால் புல்லாங்குழல் தனியாக வாசித்துக்கொண்டிருந்தது. நான் மேடையின் பக்கவாட்டில், திரைக்கு வெளியே நின்றிருந்தேன். வழக்கம்போல் கூட்டத்துக்குப் பின்னால் வைக்காமல் அங்கேயே, அவருக்கு மிக அருகில் வைத்தேன். ஊதுபத்தியால் திரியைத் தொட்டுவிட்டு விலகி நின்றேன். என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் அவர் குடும்பத்தைத் தவிர அது தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

சரம் வெடித்தது. மாரிச்சாமி மைக் கம்பியைப் பிடித்தபடி நின்றார். பிறகு அப்படியே மடங்கி உட்கார்ந்து முழங்கால்களுக்கு நடுவே தலையை வைத்துக்கொண்டார். "ஆத்தா" என்று அவர் சொன்னது மைக்கில் கேட்டது. கூட்டம் முதலில் திகைத்தது, பிறகு இடப்பக்கம் சிரிக்க ஆரம்பித்தது, அதைப் பார்த்து வலப்பக்கத்திலும் சிலர் சிரித்தார்கள். நிலைமையைச் சமாளிக்கக் கோயில்காரர்கள் ராஜமாணிக்கத்தைக் கையைப் பிடித்து மேடைக்கு ஏற்றினார்கள். அவர் பாவம், ஒன்றும் தெரியாமல் ஒரு வேகமான பாட்டை எடுத்தார். விசில் பறந்தது. மாரிச்சாமியை இரண்டு பேர் தாங்கிப் பின்பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். எங்கள் கட்சி ஜெயித்துவிட்டது.

கூட்டத்துக்குள் கருப்பசாமி என்னைத் தேடிக் கண்டுபிடித்தான். அவன் அடிப்பான் என்று நினைத்தேன். என் சட்டையில் ஒட்டியிருந்த சரத்தின் சிவப்புக் காகிதத்துணுக்கைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான்.

"ஒங்கிட்டச் சொன்னது என் தப்பு" என்றான். அதற்குப் பிறகு பள்ளியில் வேறு பெஞ்சுக்கு மாறிக்கொண்டான்.

மாரிச்சாமி மறுபடி மேடையேறவில்லை. ராஜமாணிக்கமும் பொங்கல் முடிந்து தூத்துக்குடிக்குப் போய்விட்டார். அவருடைய காலமும் திரும்பி வரவில்லை. செட்டுக்கு வேறு யார் யாரோ வந்தார்கள். அப்பாவுக்குச் சரம் காணாமற்போனது தெரியும், ஊரில் நடந்ததும் தெரியும், இரண்டையும் சேர்த்துப் பார்த்திருப்பார். என்னைக் கேட்கவில்லை. ஒருநாள் தப்பாக அச்சான தாள்களைக் கட்டிப் போடும்போது, "வெடிச்ச காயிதத்தைக் கூட்டி அள்ளலாம், திரும்பச் சுத்த முடியாது" என்று பொதுவாகச் சொன்னார். நான் கேட்காததுபோல் இருந்துவிட்டேன். பிறகு படித்தேன், கல்லூரியில் ஆசிரியராக இருந்தேன், ஓய்வுபெற்று இப்போது விருதுநகரில் சூலக்கரைப் பக்கம் இருக்கிறேன். மாரிச்சாமி இறந்த செய்தி வந்தபோதுகூட உடம்பு சரியில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போகாமல் இருந்துவிட்டேன்.

சிப்பி செட்டு ரசிகர்களுக்கு இப்போது ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. அதே சண்டைதான். ராஜமாணிக்கம் காலம், மாரிச்சாமி காலம், அதற்குப் பின்னால் கீபோர்டு வந்த காலம், மூன்று பெண்கள் பாடிய காலம் என்று கட்சிகள் கூடிவிட்டன. பெரும்பாலோர் அந்தப் பாட்டுகளை நேரில் கேட்டே இராத பேரப்பிள்ளைகள், மற்றவர்கள் கீபோர்டு காலத்துக்குப் பிறகு வந்தவர்கள். சென்ற மாதம் ஒருவர் பழைய கேசட்டிலிருந்து எடுத்த ஒலிப்பதிவு ஒன்றைப் போட்டார். சிங்கப்பூரிலிருந்து வந்த அவருடைய சித்தப்பா, டேப் ரிக்கார்டரை மேடையோரம் வைத்துப் பதிந்ததாம். அது அந்தக் கச்சேரி. மாரிச்சாமியின் பாட்டும், புல்லாங்குழலும், என் சரமும் அதில் இருந்தன. சரச் சத்தத்தோடு பதிவு முடிந்துவிடுகிறது; கேசட்டில் இடம் தீர்ந்திருக்கவேண்டும்.

குழுவில் பாராட்டு குவிந்தது. "பாட்டு முடியக்கூடப் பொறுக்காம சரம் வச்சிருக்காக பாருங்க, அம்புட்டு ரசிகருக" என்று ஒரு பையன் எழுதியிருந்தான். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும், மாரிச்சாமி காலந்தான் சிறந்தது என்று பலர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். பாதியில் வைத்த சரத்துக்கு என்ன பொருள் என்பது தெரிந்தவர் அங்கே ஒருவரும் இல்லை. கச்சேரிக்குச் சரம் வைக்கும் வழக்கம் எப்போதோ நின்றுபோய்விட்டது. சும்மா இருந்துவிட்டால் என் குற்றம் அவருடைய புகழாகவே நிலைத்துவிடும். அது அவருக்கு நல்லதுதானே என்றும் தோன்றியது. அந்த எண்ணத்தில் எனக்கிருந்த வசதியும் எனக்குத் தெரிந்தது. மறுநாள் நாரணாபுரத்துக்குப் பஸ் ஏறினேன்.

கருப்பசாமி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். என்னை அடையாளம் கண்டுகொண்டு எழுந்து, "வாங்க சார், சாப்பிட்டீகளா?" என்றான். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். நான் நின்றுகொண்டே, அன்று செய்ததையும், தெரிந்தே செய்ததையும் சொன்னேன். அவனுக்குத் தெரிந்ததுதான் எல்லாம், ஆனாலும் கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டான்.

"பேரன் செல்லுல போட்டுக் காட்டுதான் சார். தாத்தா, பெரிய தாத்தா பாட்டுக்குப் பாதியிலயே வெடி போட்டுக் கொண்டாடியிருக்காகன்னு குதிக்கான். அவங்கிட்ட நான் என்னத்தச் சொல்ல?"

அது கொண்டாட்டமாகவே இருந்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம். எங்கண்ணனுக்கு அந்தக் கைதட்டு வேணாம். நடந்ததை நீங்க சொல்லுங்க. நான் சொன்னா, தம்பிக்காரன் பேசுதான்னு போயிரும்." நாற்காலியை என் பக்கம் நகர்த்திப் போட்டான். "பயந்துட்டான்னு மட்டும் எழுதிறாதீக. பயந்தவன் அறை வெடிச்ச மறுநாளும் அதே கம்பெனிக்கு வேலைக்குப் போயிருக்க மாட்டான்."

சரி என்றேன். கிளம்பும்போது படிவரைக்கும் வந்தவன் கேட்டான்: "இப்பவாவது முழுசாக் கேட்டியாலே?"

கேட்டேன். குழுவில் நடந்ததை எழுதினேன். இங்கே அதையே விரிவாக எழுதியிருக்கிறேன். சிப்பி செட்டின் சிறந்த காலம் எது என்று கேட்பவர்களுக்கு என் பதில் இப்போது மாரிச்சாமி காலம் என்பதுதான். கருப்பசாமி சொன்னது சரி. அந்தப் பாட்டு தொடங்கிய கொஞ்சநேரத்தில் நானும் கண்ணை மூடியிருந்தேன். இரண்டு சரணங்கள் இருக்கின்றன. பிறகு புல்லாங்குழல். அது முடியும் இடத்தில், மைக்குக்கு மிக அருகில், மூன்றாம் சரணத்துக்காக மாரிச்சாமி மூச்சை இழுப்பது தெளிவாகக் கேட்கிறது.