தாணு பிள்ளையின் ஏழாவது விமானம்

விமானம் பறப்பதில் தாணு பிள்ளைக்கு எந்த அக்கறையும் கிடையாது. விழுந்தால்தான் அதன்மேல் அவருக்குப் பிரியம் வரும். இப்படிச் சொல்கிறேனே என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். திருவனந்தபுரத்தில் நிலப்படங்கள் வரைகிற ஒரு சர்க்கார் ஆபீஸில் பதினான்கு வருஷம் அவருக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தவன் நான். என்னைவிட அவரைத் திட்ட உரிமை உள்ளவர் அவர் மனைவி முத்தாரம்மாள் ஒருத்திதான், அந்த அம்மாள் திட்டுகிறதில்லை.

பிள்ளைக்குச் சொந்த ஊர் சுசீந்திரம் பக்கம். ஆரியசாலையில் ஒரு வற்றல் மிளகாய் மண்டிக்கு மேலே மாடியில் குடியிருந்தார். அவரைப் பார்க்கப் போனால் முதல் பத்து நிமிஷம் தும்மிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும். அந்த மாடியில் ஒரு மரப்பெட்டி, பெட்டிக்குள் ஒரு தடித்த நோட்டு, நோட்டின் அட்டையில் 'விழுந்த விமானங்கள்' என்று கொட்டை எழுத்து.

இந்தப் பைத்தியம் 1938-இல் பிடித்தது. வலியதுறைக்கு அப்பால் ஒரு தென்னந்தோப்பில் ஒரு சின்ன விமானம் வந்து செருகிக்கொண்டது. ஓட்டிவந்தவர் ஒரு கீறலும் இல்லாமல் கீழே இறங்கி, கூடியிருந்தவர்களிடம் இளநீர் கேட்டாராம். ஊரே அவரைப் பார்க்க ஓடியது. பிள்ளை ஆபீஸ் அளவுச் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். எந்த மரத்தில் முதலில் பட்டது, அங்கிருந்து சக்கரம் எத்தனை அடி, இறக்கை எந்தத் திசை என்று அளந்து படம் போட்டார். போலீஸ்காரர் யார் நீர் என்று கேட்டதற்கு, "அளக்காண்டாமா வேய்?" என்று திருப்பிக் கேட்டாராம்.

யுத்தம் வந்ததும் அவருக்கு யோகம். விழிஞ்ஞத்தில் வலையில் ஒரு இறக்கை அகப்பட்டது. நெடுமங்காட்டில் ஒரு வயலில் ஒன்று குப்புற விழுந்தது. எங்கே எது விழுந்தாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளை அங்கே இருப்பார். கண்டவர்களிடம் நாள் கேட்பார். ஒருத்தர் மாதா கோவில் திருநாளுக்கு மறுநாள் என்பார், இன்னொருத்தர் நோன்புப் பெருநாளுக்கு முந்தின வாரம் என்பார். எல்லாவற்றையும் பிள்ளை இங்கிலீஷ் தேதி, கொல்லம் தேதி, தமிழ்த் தேதி என்று மூன்று பத்தியாக மாற்றி எழுதிவிடுவார். பஞ்சாங்கம் பார்க்க மாட்டார், விரல் மடக்கிச் சொல்வார். அந்தக் கர்வம் ஒன்று அவரிடம் உண்டு, எனக்கு அது பிடிக்காது.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் ராஜ்யத்தில் சர்க்கார் வருஷம் கொல்லம் வருஷம். அது ஆவணியில் பிறக்கும், மலையாளத்தில் அந்த மாதத்துக்குச் சிங்ஙம் என்று பெயர். ஆடியாகிய கர்க்கடகம்தான் கடைசி மாதம்.

இனி ஜெயலக்ஷ்மியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்ட். கோட்டைக்குள் அக்ரகாரத்துப் பெண், அப்போது இருபத்து நாலு வயது. கணவன் ஸ்ரீகண்டன் விமானப்படையில் ஒயர்லெஸ் வேலைக்குப் போனவன். 1943 ஆகஸ்டில் கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து கொழும்புக்குக் கிளம்பிய விமானத்தில் அவன் இருந்தான். விமானம் போய்ச் சேரவில்லை. இன்ன தேதியிலிருந்து காணவில்லை என்று ஒரு தந்தி வந்தது, பிறகு ஒன்றும் வரவில்லை. கடலில் இறங்கியிருப்பான், ஜப்பான்காரன் பிடித்து வைத்திருப்பான் என்று மாமியார் வாலாம்பாள் உறுதியாக இருந்தாள். சிங்கப்பூரிலிருந்து கைதிகள் திரும்பத் தொடங்கியதும் தினமும் தம்பானூர் ஸ்டேஷனுக்குப் போய் வடக்கேயிருந்து வரும் ரயிலுக்குக் காத்து நிற்பாள். ஜெயலக்ஷ்மி நெற்றியில் குங்குமத்தோடு ஆபீஸுக்கு வருவாள், போவாள். அவள் என்ன நினைத்தாள் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

பிள்ளையின் நோட்டிலிருந்து அறிக்கை தயாரித்து இங்கிலீஷில் டைப் செய்து கொடுப்பதும் அவள்தான். பிள்ளை தமிழில் சொல்லச் சொல்ல அவள் மனசுக்குள்ளேயே மொழிபெயர்த்து அடிப்பாள். அடித்த காகிதத்தில் ஒரு திருத்தம் இருக்காது.

1946 தொடக்கத்தில் பட்டாளத்திலிருந்து ஒரு காப்டன் வந்தார். காணாமல் போன விமானங்களைத் தேடும் வேலை அவருக்கு. வித்துராவுக்கு மேலே கருநெல்லி எஸ்டேட்டில் ஒரு விமானம் விழுந்து எரிந்து கிடக்கிறதாம், உள்ளே இருந்த நாலு பேரையும் எஸ்டேட் ஆட்களே புதைத்துவிட்டார்களாம். யுத்த காலத்தில் எழுதிய கடிதம் எங்கேயோ சிக்கி இப்போதுதான் அவர் கைக்கு வந்திருந்தது. அதில் 'கொல்லம் 1118 சிங்ஙம் 4' என்று இருந்தது. இதற்கு இங்கிலீஷ் தேதி என்ன என்று அவர் கேட்டார்.

பிள்ளை விரல் மடக்கினார். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்திரண்டு, ஆகஸ்டு இருவது."

அந்த மாதம் எங்கள் விமானம் எதுவும் காணாமல் போகவில்லையே, வேறு ஏதோ படையுடையதாக இருக்கும் என்று காப்டன் கோப்பை மூடினார். பிள்ளை சொன்ன தேதியை உறுதிப்படுத்திக் காப்டனுக்குக் கொடுத்த கடிதத்தையும் ஜெயலக்ஷ்மிதான் அடித்தாள். வருஷம் வந்த இடத்தில் அவள் விரல் நின்றது.

"பிள்ளைவாள், அந்த வருஷம் ஒறப்புதானா?"

"இருவது வருஷமா மாத்திக்கிட்டிருக்கேன் அம்மா. பஞ்சாங்கம் தப்பினாலும் நம்ம கணக்கு தப்பாது" என்றார் பிள்ளை, சிரித்துக்கொண்டே. அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. ஒரு வருஷ வித்தியாசத்தில் அவள் கணவன் அந்த மலையில் இல்லை என்று ஆகிவிட்டது.

அந்த விமானம் பிள்ளையின் நோட்டில் ஏழாம் நம்பர். நேரில் பார்க்காத ஒன்று நோட்டில் இருப்பது அவருக்குத் தொண்டையில் முள் மாதிரி. ஆகஸ்ட் மாதம், மழை கொஞ்சம் விட்டதும், லீவு போட்டுவிட்டுக் கிளம்பினார். சங்கிலியின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டுமே, என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

வித்துரா வரை பஸ், அங்கிருந்து எஸ்டேட் லாரி. எஸ்டேட் கிளார்க் வேலாயுதன் நல்ல மனுஷன், இரண்டு தொழிலாளிகளைத் துணைக்கு அனுப்பினார். தொழிலாளர் வீடுகளைத் தாண்டும்போதே பிள்ளைக்குக் கண் பளபளத்தது. ஒரு கோழிக்கூட்டுக்குக் கதவாக விமானத் தகடு. இன்னொரு வீட்டுக் கூரையில் ஒழுகும் இடத்தில் ஒரு தகடு. ஒரு பெண் தகட்டை மடக்கி அதில் மிளகு உலர்த்திக்கொண்டிருந்தாள். எதையும் அவர் பிடுங்கவில்லை. ஒவ்வொன்றின் முன்னாலும் குந்தி உட்கார்ந்து படம் வரைந்து, வீட்டுக்காரர் பெயரையும் எழுதிக்கொண்டார். மிளகுக்காரி தன் பெயரை இரண்டு தடவை எழுதச் சொன்னாள்.

பிறகு நாலு மைல் ஏற்றம். அட்டைகள் என் இரண்டு காலையும் பங்கு போட்டுக்கொண்டன. நான் திட்டிக்கொண்டே ஏறினேன், ஐம்பது வயது மனுஷன் எனக்கு முன்னால் ஓடுகிறார். ஈற்றை என்கிற மூங்கில் காட்டைத் தாண்டியதும் "இந்தா இருக்கு" என்றார் கூட வந்த தொழிலாளி. முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு பச்சைக்குள்ளிருந்து காற்றாடியின் ஒரு இலை வானத்தைப் பார்த்து நிற்பது தெரிந்தது. எஞ்சினுக்குள் புகுந்த கொடி மறுபக்கம் வெளியே வந்து பூத்திருந்தது. நானும் அட்டையை மறந்து கிட்டே ஓடினேன், பொய் சொல்வானேன்.

"பாத்தேரா வேய், பாத்தேரா" என்று பிள்ளை என் கையைப் பிடித்து உலுக்கினார். இரண்டு மணி நேரம் அளந்தோம். முதலில் மோதிய பாறை, அங்கிருந்து வால், வாலிலிருந்து எஞ்சின். ஓரமாக நாலு கல் நட்டிருந்தார்கள். கல்லிலிருந்து கல்லுக்கும் பிள்ளை அளந்தார். நாலடி, நாலடி, நாலரை அடி. நான் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன், அவர் அதைக்கூடக் கவனிக்கவில்லை.

எஸ்டேட் பங்களாவுக்குத் திரும்பி வந்து காப்பி குடித்தோம். வந்து போகிறவர்கள் பெயரும் தேதியும் எழுதுகிற புத்தகத்தை வேலாயுதன் நீட்டினார். பிள்ளை எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேலாயுதன் பார்த்துச் சிரித்தார்.

"பிள்ளே, கொல்லம் மாறிப்போச்சு. இது ஆயிரத்து நூற்றியிருபத்திரண்டு. நிங்ஙள் இருபத்தொண்ணுன்னு எழுதியிருக்கு."

அன்றைக்குச் சிங்ஙம் மூன்று. வருஷம் பிறந்து மூன்றாம் நாள். பிள்ளையின் கை பழைய வருஷத்தையே எழுதியிருந்தது.

"அது சாரமில்லை, போகட்டும்" என்றார் வேலாயுதன். "சிங்ஙம் பத்து வரைக்கும் எல்லார் கையும் பழைய கொல்லம்தான் எழுதும். என் கையும் அதே."

பிள்ளை காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். முகம் ஒரு மாதிரி ஆயிற்று. "அந்த விமானம் விழுந்தன்னைக்கு எழுதின டயரி இருக்கா?" என்றார். "அதை எழுதினது நீருதானா?"

எழுதினது அவர்தான். அலமாரியிலிருந்து டயரி வந்தது. பிள்ளை பக்கங்களை வேகமாகத் தள்ளினார். '1118 சிங்ஙம் 4, வெள்ளி. மேலே காட்டில் விமானம் விழுந்தது, தீ' என்று இருந்தது. பட்டாளத்துக்குப் போன கடிதம் இதைப் பார்த்து எழுதினதுதான். பிள்ளை அதற்கு முந்தின பக்கங்களைத் திருப்பினார். 1118 கர்க்கடகம் முப்பது, முப்பத்தொன்று. கர்க்கடகத்தோடு 1118 முடிந்துவிட்டது. அதற்கு அடுத்து வரும் சிங்ஙம் 1119 ஆகத்தான் இருக்க முடியும். முதல் நாலு நாளும் வேலாயுதன் பழக்கத்தில் பழைய வருஷத்தைப் போட்டிருக்கிறார், ஐந்தாம் நாளிலிருந்து திருத்திக்கொண்டிருக்கிறார்.

"வெள்ளி" என்று பிள்ளை விரல் மடக்கினார். "நாப்பத்திரண்டுல அன்னைக்கு வியாழன். நாப்பத்திமூணுலதான் வெள்ளி. கெடச்சாச்சு வேய்."

வேலாயுதன் தலையில் கை வைத்துக்கொண்டார். பிள்ளைக்கோ கால் தரையில் பாவவில்லை. அந்தப் பக்கங்களை அப்படியே நோட்டில் நகல் எடுத்து, வேலாயுதனிடம் கையெழுத்து வாங்கினார். மறுநாள் விடிந்ததும் லாரி, லாரியிலிருந்து பஸ். பஸ் ஒவ்வொரு தடவை நின்றபோதும் டிரைவரைத் திட்டினார். தேதி ஒன்று பொய்யாகிக் கிடந்ததைத் தாமே தோண்டி எடுத்த சந்தோஷம். எனக்கும் அது தொற்றிக்கொண்டது. திருவனந்தபுரம் வரும் வரை நாங்கள் இரண்டு பேரும் ஒரு பெண்ணைப் பற்றி நினைக்கவில்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பத்தரை மணிக்கு ஆபீஸில் நுழைந்தோம். சேறு காய்ந்த வேட்டியோடு பிள்ளை நேரே டைப்ரைட்டர் பக்கம் போனார்.

"அம்மா, காப்டனுக்கு ஒரு கடிதம். ஒடனே போகணும். எழுதிக்கிடுங்க. முன்னாலே சொன்ன தேதி தப்பு. 1118 இல்ல, 1119. அடிச்சாச்சா?"

"அடிச்சாச்சு. சொல்லுங்கோ."

எனக்கு அங்கேதான் உறைத்தது. மேசைகளைச் சுற்றிக்கொண்டு அவர் பக்கம் போனேன். பிள்ளை நோட்டைப் பார்த்துக்கொண்டே நடந்தபடி சொல்கிறார்.

"சரியான தேதி 1943 ஆகஸ்டு இருவது, வெள்ளிக்கிழமை. வடக்கேயிருந்து தெக்கே போன விமானம். பாறையில மோதி எரிஞ்சிருக்கு. நாலு பேரு. ஒருத்தரும் பொழைக்கல்ல."

டைப்ரைட்டர் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. அவர் சொன்ன ஒவ்வொரு வரியையும் அவள் தானே இங்கிலீஷ் ஆக்கி அடித்துக்கொண்டிருந்தாள். நாலு கல்லுக்கும் நடுவே எத்தனை அடி என்று பிள்ளை தொடங்கியபோது நான் அவர் தோளைப் பிடித்தேன். அவர் நோட்டிலிருந்து தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"நாலடி, அப்புறம்?" என்றாள் ஜெயலக்ஷ்மி.

பிள்ளை நோட்டை அவள் பக்கம் நீட்டினார். நோட்டை வாங்கி அவளே பார்த்து அடித்து முடித்தாள். காகிதத்தை உருவி அவர் முன்னால் வைத்தாள். "கையெழுத்துப் போடுங்கோ பிள்ளைவாள். ஒரு காப்பி எனக்கு வேணும். மாமியார் காயிதத்துல பார்த்தாத்தான் நம்புவா."

"நான் வந்து சொல்லுதேன் அம்மா" என்றார் பிள்ளை. "வருசத்த மாத்திச் சொன்னவன் நான். நீங்க அன்னைக்கே கேட்டியளே. சிரிச்சேனே."

மூன்று பேரும் நடந்தே கோட்டைக்குள் போனோம். வாலாம்பாள் ஸ்டேஷனுக்குக் கிளம்பித் தயாராக, குடையோடு வாசலில் நின்றாள். பிள்ளை நெடுஞ்சாண்கிடையாக அந்த வாசலிலேயே விழுந்தார். எழுந்து, ஒன்று விடாமல் சொன்னார். தப்பு தம்முடையது என்பதை இரண்டு தடவை சொன்னார். அவள் குடையைச் சுவரில் சாய்த்து வைத்தாள். காகிதத்தை வாங்கினாள், இங்கிலீஷ் தெரியாது, ஆனாலும் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தாள். கடைசி வரி முடிந்ததும் தலை நிமிர்ந்தாள்.

"நீங்கதானே நாள் கணக்கெல்லாம் பாக்கறவர்? மூணு வருஷமா அவனுக்கு ஒரு ச்ராத்தம் பண்ணலை. அன்னிக்கு என்ன திதி, சொல்லுங்கோ."

பிள்ளை விரலை மடக்கினார். கணக்கு ஓடவில்லை. எந்தத் தேதியைக் கேட்டாலும் வாய் மூடுமுன் சொல்கிற மனுஷன் அந்த வாசலில் மறுபடியும் முதல் விரலிலிருந்து எண்ணத் தொடங்கினார்.

"கிருஷ்ணபட்சப் பஞ்சமி, அம்மா" என்றாள் ஜெயலக்ஷ்மி. "தந்தி வந்த அன்னிக்கே பார்த்து வெச்சுட்டேன்."